கொழும்புப் பிள்ளைகள் ஏன் மன்செஸ்டர் ஜேர்சி போடுகிறார்கள்? ஒரு உதைபந்தாட்டக் கழகம் உலகம் முழுக்க ரசிகர்களைச் சேர்ப்பது எப்படி?

உலக ரசிகர் கூட்டம் என்றால், மைதானத்துக்கு ஒருநாளும் வராமலே ஒரு கழகத்தை 'எங்கட டீம்' என்று சொல்பவர்கள்.

கழகங்களுக்கு இவர்கள் ஏன் தேவை? மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்தின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் சுமார் 74,000 பேர்தான் உட்காரலாம். டிக்கெட் வருமானம் அத்தோடு நின்றுவிடும், தொலைக்காட்சிக்கோ அந்த எல்லை கிடையாது. 1992இல் இங்கிலாந்தின் முதல்தரத் தொடரான பிரீமியர் லீக் தொடங்கிய பிறகு ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை நாடு நாடாக விற்கப்பட்டது. இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 12.30க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மாலை ஐந்து அல்லது ஆறு மணி. டியூஷன் முடிந்து வரும் பிள்ளைக்கு அது எவ்வளவு வசதி!

வெள்ளவத்தையில் பத்து மேசை உள்ள ஒரு சைவக் கடையை நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டு வியாபாரம் பத்து மேசைக்குள்தான். அதே கடை பெயர் போட்ட மிக்சர் பைக்கட் லண்டன் போகும் பெட்டிகளில் ஏறினால், கடையைக் காணாதவர்களும் வாடிக்கையாளர்கள்.

விளம்பர நிறுவனங்களுக்கு வேண்டியதும் இந்தத் தூரத்துக் கண்கள்தான். 2014 முதல் 2021 வரை மன்செஸ்டர் யுனைட்டட் சட்டையில் இருந்த பெயர் செவ்ரோலெட். ஐரோப்பியச் சந்தையைப் பெரும்பாலும் விட்டு விலகுவதாக 2013இலேயே அறிவித்த கார் அது! குறி வெளிநாட்டு ரசிகர்கள் மேல்.

அப்புறம், நட்சத்திர வீரரின் விலையை ஜேர்சி விற்றே எடுத்துவிடுவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல: ஒரு ஜேர்சியின் விலையில் பெரும்பங்கு தயாரிப்பாளருக்கும் கடைக்கும் போகிறது, கழகத்துக்குக் கிடைப்பது சிறு பங்குதான்.