கேரவனில் ஆஸ்திரேலியாவைச் சுற்றிவர வீட்டுக் கடனை நீட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 58, மனைவிக்கு 55. மெல்பேர்னில் சொந்த வீட்டில் இருக்கிறோம். வீட்டுக் கடனில் 2,10,000 டாலர் பாக்கி இருக்கிறது. மாதத் தவணை 2,150 டாலர். கடனோடு இணைந்து, இருக்கும் பணத்தின் அளவுக்குக் கடன் வட்டியைக் குறைக்கும் ஆஃப்செட் கணக்கில் 95,000 டாலர் வைத்திருக்கிறோம். நான் ஒரே உற்பத்தி நிறுவனத்தில் 16 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஆண்டுச் சம்பளம் 92,000 டாலர். நம்பர் ஒன் நெடுஞ்சாலை வழியாக ஆறு மாதம் கேரவனில் ஆஸ்திரேலியாவைச் சுற்றிவர வேண்டும் என்பது என் பல வருட ஆசை. டீலர் காட்டிய புதிய கேரவன் 98,000 டாலர். அதை இழுக்க எங்கள் க்ளூகர் கார் போதாது, பெரிய ஃபோர் வீல் டிரைவ் வேண்டும் என்கிறார்கள். பழைய காரைக் கொடுத்தது போக இன்னும் 42,000 டாலர் ஆகும். வங்கி இந்த 1,40,000 டாலரை வீட்டுக் கடனோடு சேர்த்து 12 ஆண்டுகளுக்குத் தரத் தயாராக இருக்கிறது. கார் கடனை விட வட்டி குறைவு என்பதால் எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. மனைவி பயப்படுகிறார். ஓய்வுக்காலச் சேமிப்பான சூப்பரிலிருந்து கொஞ்சம் எடுக்க முடியுமா? ஆறு மாதமும் வீட்டை வாடகைக்கு விடலாமா?

பதில்: அன்புள்ள வாசகரே, நீங்கள் இந்தப் பயணத்தைப் போய்வர வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். உங்கள் கணக்கைப் பார்த்தால் அதற்கான பணம் உங்களிடம் இருக்கிறது. இல்லாதது அந்த 98,000 டாலர் கேரவனுக்கும் அதை இழுக்கும் புதிய வண்டிக்குமான பணம்தான். நீங்கள் இரண்டையும் ஒரே செலவாகப் பார்க்கிறீர்கள். உங்கள் மனைவியின் பயம் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

முதலில் வங்கி தரும் கடனைப் பார்ப்போம். 1,40,000 டாலரை 6 சதவீத வட்டியில் 12 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 1,366 டாலர். கடன் முடியும்போது நீங்கள் கட்டியிருக்கும் மொத்தம் 1,96,700 டாலர், அதில் வட்டி மட்டும் 56,700 டாலர். கார் கடனை விட வட்டி வீதம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் வீதம் குறைவாக இருந்தாலும் காலம் நீண்டால் மொத்த வட்டி கூடிவிடும் என்பதை வங்கியில் யாரும் வலிய வந்து சொல்வதில்லை. இப்போது உங்கள் கடனில் ஆஃப்செட் பணத்தைக் கழித்தால் வட்டி போடப்படுவது 1,15,000 டாலருக்கு மட்டுமே; இதே தவணையைத் தொடர்ந்தால் ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், அதாவது 63 வயதில், அந்தக் கடனை முழுவதுமாகத் தீர்க்கும் நிலைக்கு வந்துவிடுவீர்கள். புதிய கடனை எடுத்தால் 70 வயது வரை தவணை கட்டுவீர்கள். முதியோர் ஓய்வூதியத்திற்கான வயதே 67 என்பதால், வேலையை விட்ட பிறகும் மூன்று ஆண்டுகள், வாசலில் நின்று வெயிலில் வெளுத்துக்கொண்டிருக்கும் ஒரு கேரவனுக்காக ஓய்வுக்காலப் பணத்திலிருந்து எடுத்துக் கட்ட நேரிடும்.

சூப்பர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1964 ஜூலை 1-க்குப் பின் பிறந்த உங்களுக்கு அதைத் தொடும் வயது 60. கடும் நோய், கடும் பண நெருக்கடி போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கேரவன் பயணம் அவற்றில் சேராது. முன்கூட்டியே எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் விலகிவிடுங்கள். அது சட்டவிரோதம், எடுத்த பணத்துக்கு வரியும் அபராதமும் உங்கள் தலையில்தான் விழும்.

உங்களிடம் இருக்கும், ஆனால் கேள்வியில் நீங்கள் குறிப்பிடாத ஒரு சொத்து உங்கள் லாங் சர்வீஸ் லீவ், அதாவது நீண்டகாலப் பணிக்காகக் கிடைக்கும் சம்பள விடுப்பு. விக்டோரியா மாநிலச் சட்டப்படி ஒவ்வொரு 60 வாரப் பணிக்கும் ஒரு வாரம் சேர்கிறது. 16 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 13.9 வாரம். அதை அரைச் சம்பளத்தில் இருமடங்கு காலத்திற்கு எடுத்துக்கொள்ளும்படி நிறுவனத்திடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கிடைத்தால் 27 வாரத்துக்கு மேல், ஆறு மாதம் தாராளமாக வந்துவிடுகிறது. அரைச் சம்பளத்தில் வரி போகக் கைக்கு மாதம் சுமார் 3,400 டாலர் வரும். அந்தக் காலத்தில் நிறுவனம் கட்டும் 12 சதவீத சூப்பரும் அரைச் சம்பளத்துக்கு மட்டுமே என்பதால் அங்கே 2,760 டாலர் குறையும். இதையும் பயணச் செலவாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

இனி வண்டி. நம்பர் ஒன் நெடுஞ்சாலை சுமார் 14,500 கிலோமீட்டர். 1955-இல் பல மாநிலச் சாலைகளை ஒரே எண்ணின் கீழ் கொண்டுவந்து, கடற்கரையை ஒட்டி நாட்டையே வளைத்து உருவாக்கிய பாதை அது. அதில் போக உங்களுக்குக் கரடுமுரடான நிலத்தில் ஓடும் கேரவன் தேவையில்லை என்பதை டீலர் சொல்லியிருக்க மாட்டார். வடக்கே போரலூலாவுக்கும் பர்க்டவுனுக்கும் இடையில் சரளைச் சாலை வருகிறது. ஆனால் கேரவன்காரர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போகாமல், கேத்தரினிலிருந்து தெற்கே த்ரீ வேஸ் வந்து, மவுண்ட் ஐசா வழியாக டவுன்ஸ்வில்லில் மீண்டும் கடற்கரையைப் பிடிக்கிறார்கள். அந்த வழி முழுவதும் தார்ச்சாலை. நல்லார்பார் சமவெளியைக் கடக்கும் அயர் நெடுஞ்சாலையும் அப்படித்தான். பல்லடோனியாவுக்கும் கேகூனாவுக்கும் இடையில் 146 கிலோமீட்டர் ஒரு வளைவு கூட இல்லாமல் நேராக ஓடும் அந்தச் சாலையில் சாதாரணக் குடும்பக் கார்கள் தினமும் போய்வருகின்றன.

உங்கள் க்ளூகர் பிரேக் உள்ள இழுவண்டியை 2,000 கிலோ வரை இழுக்கும். ஆகவே சுமையோடு சேர்த்து 1,800 கிலோவுக்குள் நிற்கும், பயன்படுத்திய சிறிய கேரவன் உங்களுக்குப் பொருந்தும். அத்தகையதை 32,000 டாலர் அளவில் தேடலாம் என்று வைத்துக் கணக்கிடுகிறேன். எடை விஷயத்தில் சற்று நின்று யோசியுங்கள், ஏனென்றால் காப்பீட்டுப் பணம் கைவிட்டுப் போகும் இடம் இது. கேரவனில் ரிவிட் அடித்த ஒரு சிறிய உலோகத் தகடு இருக்கும். அதில் 'டேர்' என்பது வெறும் வண்டியின் எடை. 'ஏடிஎம்' என்பது சுமையேற்றிய பின் அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை. டேர் 1,350, ஏடிஎம் 1,800 என்றால் உங்கள் பங்கு 450 கிலோ. இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பினாலே 160 கிலோ போய்விடும். இரண்டு கேஸ் சிலிண்டர், கூடுதல் பேட்டரி, வெளிக்கூரைத் துணி எல்லாம் சேர்ந்து இன்னொரு நூறு. மிஞ்சுவதில்தான் இருபது கிலோ அரிசி மூட்டை, குக்கர், கிரைண்டர், போர்வை, கருவிகள், இருவரின் துணிமணி எல்லாம் அடங்க வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தம்பதி, புறப்படுவதற்கு முந்தின நாள் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது எடைச் சீட்டில் 140 கிலோ அதிகம் என்று வந்தது. அந்த அம்மா அங்கேயே நின்று பெட்டிகளைத் திறந்து இறக்கினார். எடை மீறிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடம் இருக்கிறது. எடைமேடைக் கட்டணமோ சில பத்து டாலர்தான்.

பழைய வண்டியில் ஏமாந்துவிடுவோமோ என்ற அச்சம் இயல்பானது. ஆனால் புதியது என்பதாலேயே நிம்மதி கிடைத்துவிடாது. புதிய கேரவன்களின் பழுது, தாமதமான டெலிவரி, உத்தரவாதத்தை மதிக்காத விற்பனை பற்றி ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையமே 2022-இல் தனி அறிக்கை வெளியிட்டது. தனியாரிடம் வாங்கும்போது டீலரிடம் கிடைக்கும் உத்தரவாத உரிமைகள் கிடைக்காது. ஆகவே சில நூறு டாலர் கொடுத்துத் தொழில் தெரிந்தவரை வைத்துப் பரிசோதியுங்கள். முக்கியமாக ஈரம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூலையில் காலால் அழுத்தும்போது தரை அமுங்கினால் அந்த வண்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். விற்பவர் அதன்மேல் கடன் வைத்திருக்கிறாரா என்பதைப் பிபிஎஸ்ஆர் பதிவேட்டில் இரண்டு டாலர் கட்டி அறியலாம். இந்த இரண்டு டாலரைச் செலவழிக்காமல் பிறர் கடனுக்குப் பிணையாக இருந்த வண்டியை வாங்கிவிட்டு, கடன் கொடுத்தவர் வந்து இழுத்துப்போனதைப் பார்த்து நின்றவர்கள் இருக்கிறார்கள்.

பயணச் செலவை நான் இப்படிப் போடுகிறேன். பக்கத்து ஊர்களுக்குத் திரும்பும் கிளைப் பாதைகளையும் சேர்த்து 20,000 கிலோமீட்டர்; இழுத்துச் செல்லும்போது நூறு கிலோமீட்டருக்கு 17 லிட்டர் என்றால் 3,400 லிட்டர். நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் நிலையங்களான தொலைதூர ரோட்ஹவுஸ்களில் நகரத்தை விட விலை நன்றாகவே கூடும் என்பதால் சராசரி 2.20 டாலர் வைத்தால் 7,480 டாலர். தங்குவதற்கு, மின்வசதி உள்ள கேரவன் பூங்காக்களில் 90 இரவு 55 டாலர் வீதம், எளிய முகாம்களில் 60 இரவு 20 டாலர் வீதம், மீதி இலவச இடங்களில், ஆக 6,150. சாப்பாடு வாரம் 300 வீதம் 7,800. இது வீட்டில் இருந்தாலும் ஆகும் செலவுதான். சர்வீஸ், டயர், காப்பீடு இவற்றுக்கு 4,000. படகுப் பயணம், பூங்கா நுழைவு போன்றவற்றுக்கு 3,500. மொத்தம் ஏறக்குறைய 29,000 டாலர்.

ஆறு மாத அரைச் சம்பளம் 20,400. அதில் வீட்டுத் தவணை 12,900, வீட்டின் பில்கள் சுமார் 3,000 போக, கையில் 4,500 நிற்கும். ஆகவே பயணத்துக்கு ஆஃப்செட்டிலிருந்து 24,500, கேரவனுக்கு 32,000, மொத்தம் 56,500 எடுக்க வேண்டும். மீதி 38,500 அங்கேயே இருக்கும். எடுத்த பணத்துக்கு மாதம் சுமார் 280 டாலர் கூடுதல் வட்டி விழும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திரும்பியதும் கேரவனை விற்றுவிடுங்கள். 26,000 டாலருக்குப் போனால், உங்கள் கடன் தீரும் நாள் இப்போது இருப்பதை விட ஏறத்தாழ 20 மாதம் தள்ளிப்போகும். இந்தப் பயணத்தின் உண்மையான விலை இதுவே. அந்த விலை உங்கள் இருவருக்கும் சம்மதமா என்பதை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

மீதியுள்ள 38,500-இல் 10,000 டாலரைப் பயண அவசரத்துக்கு என்று ஒதுக்கி, வேறு எதற்கும் தொடாதீர்கள். 2023 ஜனவரியில் எல்லி புயலின் எச்சம் கொண்டுவந்த வெள்ளத்தில் நம்பர் ஒன் நெடுஞ்சாலையில் உள்ள ஃபிட்ஸ்ராய் கிராசிங் பாலம் உடைந்து, புதிய பாலம் அந்த ஆண்டு டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் சுற்றுப்பாதையோ வாரக்கணக்கான காத்திருப்போ தவிர வேறு வழி இருக்காது. வடக்கின் மழைக்காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஆகவே ஏப்ரலில் புறப்பட்டு மேற்கே திரும்பி, அடிலெய்ட், செடூனா, நார்ஸ்மன், பெர்த் வழியாக ஜூலை வாக்கில் புரூமை அடைந்து, டார்வின் பார்த்து, செப்டம்பரில் டவுன்ஸ்வில், பிறகு பிரிஸ்பேன், சிட்னி என்று அக்டோபரில் வீடு சேர்வது வானிலைக்கும் பொருந்தும். ஜூலையில் புரூமில் இடம் கிடைப்பது கடினம், கட்டணமும் உச்சத்தில் இருக்கும்; அந்த ஒரு ஊருக்கு மட்டும் பல மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

வீட்டை வாடகைக்கு விடுவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. வாடகை வருமானத்துக்கு வரி உண்டு, ஏஜென்ட் கட்டணம் உண்டு, காப்பீட்டை மாற்ற வேண்டும், வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விக்டோரியாவில் குடியிருப்பவரை நினைத்த தேதியில் காலிசெய்யச் சொல்ல முடியாது. வீட்டைப் பூட்டிப் போட்டாலும் சிக்கல்தான். பல பாலிசிகள் 60 நாளுக்கு மேல் ஆளில்லாத வீட்டுக்குப் பாதுகாப்பைக் குறைத்துவிடுகின்றன. நம்பிக்கையான உறவினர் யாராவது வந்து தங்கினால் அதுவே நல்லது. அதோடு, ஆம்புலன்ஸ் செலவை அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஏற்பதில்லை என்பதால், உங்கள் ஆம்புலன்ஸ் காப்பு மற்ற மாநிலங்களிலும் செல்லுமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியவற்றை மட்டும் வைத்துச் சொல்லும் பொதுவான ஆலோசனை இது. சூப்பர் இருப்பு, உடல்நிலை, பிள்ளைகளின் தேவை ஆகியவற்றை அறிந்த உரிமம் பெற்ற ஆலோசகர் ஒருவரிடமும் கணக்கைக் காட்டுங்கள். டீலரிடம் டெபாசிட் எதுவும் கட்ட வேண்டாம். முதலில் விடுப்புக்கான கடிதத்தை நிறுவனத்துக்குக் கொடுங்கள். பதில் வருவதற்குள், பள்ளி விடுமுறை இல்லாத பத்து நாளாகப் பார்த்து, உங்கள் காரால் இழுக்கக்கூடிய சிறிய கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பிரின்ஸஸ் நெடுஞ்சாலையில் லேக்ஸ் என்ட்ரன்ஸ் வழியாக ஈடன் வரை இருவரும் போய்வாருங்கள். அதுவும் நம்பர் ஒன் நெடுஞ்சாலையின் ஒரு பகுதிதான். பின்னோக்கி நிறுத்துவது உங்களுக்குக் கைவருகிறதா, அந்தக் குறுகிய அடுப்படியில் சமைத்து அந்தப் படுக்கையில் தூங்க உங்கள் மனைவிக்கு முடிகிறதா என்பது அந்தப் பத்து நாளிலேயே தெரிந்துவிடும். பிடிக்காமல் போனால், இழப்பு அந்த வாடகைப் பணத்தோடு முடியும்.