படித்ததெல்லாம் மறந்துபோகிறதே!

கேள்வி: கையில் எப்போதும் ஒரு நாவல் இருக்கும் ஆள் நான். ஆனால் ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கதைகூட நினைவுக்கு வருவதில்லை. எப்போதோ படித்த ஒன்றிரண்டு மட்டும் மனதைவிட்டு அகலவே மாட்டேன் என்கின்றன. அவற்றில் அப்படி என்ன இருக்கிறது? கோளாறு என் வாசிப்பிலா?

பதில்: கோளாறெல்லாம் ஒன்றும் இல்லை. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு வேகமாக மறந்துபோகின்றன என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. கதைக்கு அர்த்தம் இருப்பதால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான்.

சரி, அந்த ஒன்றிரண்டு மட்டும் ஏன் நிற்கின்றன? நம்மிடம் வேலை வாங்கிய புத்தகம்தான் நிற்கிறது என்பது என் எண்ணம். நான் படித்த ஒரு நாவலில், ஊரைவிட்டுப் போகும் மகனை வழியனுப்ப அப்பா வருகிறார். மகனின் தோள்பை வாரை இழுத்து இறுக்குகிறார். வண்டி கிளம்பப் போகும்போது, ஏற்கெனவே இறுகியிருக்கும் அதே வாரை மறுபடியும் இறுக்குகிறார். அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. ‘அப்பாவின் மனம் கனத்தது’ என்று எழுதியிருந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன். எழுதாமல் விட்டதால், அந்த மனிதர் சொல்ல வந்து சொல்லாமல் விழுங்கியது என்ன என்று நானே யோசிக்க வேண்டியதாயிற்று. மகனின் பெயரும் நாவலின் முடிவும் மறந்துபோயின. அந்த விரல்கள் மறக்கவில்லை.

விறுவிறுப்பான கதைகளில் இதற்கு இடம் குறைவு. கொலை செய்தது யார் என்று தெரிந்ததும் கேள்வியோடு புத்தகமும் மனதைவிட்டுப் போய்விடும். அதில் தவறில்லை, அந்த நேரத்துச் சந்தோஷத்தை அவை முழுசாகவே கொடுத்துவிடுகின்றன.

இன்னொன்றும் உண்டு. மனதில் நிற்கும் புத்தகம் பாதி நாம் எழுதியது. வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து சொல்லச் சொன்னார் ஃபிரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர். 1932-இல் அவர் வெளியிட்ட முடிவு சுவையானது: கதையைச் சுருக்கினார்கள், புரியாததை விட்டுவிட்டார்கள், மீதியைத் தங்களுக்குப் பழக்கமான மாதிரி மாற்றிக்கொண்டார்கள். பிடித்த நாவலைப் பல வருடம் கழித்துத் திரும்பப் படித்துப் பாருங்கள். நீங்கள் நெடுநேரம் நடந்ததாக நினைத்திருந்த காட்சி இரண்டே வரியில் முடிந்திருக்கும்.

உங்கள் வாசிப்பில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். ஒரு நாவலை முடித்த கையோடு அடுத்ததை எடுக்காதீர்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, அதைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கு ஒரு வாரத்துக்குப் பின் அதிகம் நினைவிருந்தது என்று ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் காட்டினார்கள். எனவே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அரைப் பக்கம் எழுதுங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம். படித்துக்கொண்டே வந்த நீங்கள் எந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தலை நிமிர்ந்தீர்களோ, அங்கிருந்து தொடங்குங்கள். அப்புறம் அதே புத்தகத்தைப் படித்த நண்பர் ஒருவரிடம் அந்த இடத்தைப் பற்றிப் பேசுங்கள். அவர் வேறு மாதிரி சொன்னால், விட்டுக்கொடுக்காமல் வாதாடுங்கள்.