ஃப்ரீமேசன்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

மும்பை வி.டி. ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள, ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரச் சங்கத்தாரின் மண்டபத்தைக் கடந்துதான் தினமும் அலுவலகம் செல்கிறேன். அவர்களும் இலுமினாட்டிகளும்தான் உலகத்தை ஆள்கிறார்கள் என்று சொல்லும் காணொளிகளைக் கல்லூரியில் படிக்கும் என் மகன் இரவெல்லாம் பார்க்கிறான். அவற்றில் ஒன்றை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பகிர்ந்தேன். இதில் எவ்வளவு உண்மை? மேசன்களின் சின்னம் சாத்தான் வழிபாட்டுக்குரியதா?

ஒரு வாசகி, செம்பூர்

அன்புள்ள சகோதரி,

சில காலமாகவே இந்தச் சங்கத்தின் பம்பாய் வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நீங்கள் பார்க்கும் சின்னத்தில் இருப்பவை கவராயமும் மூலைமட்டமும், அதாவது கட்டடக்காரர்களின் கருவிகள். இலுமினாட்டி என்பது 1776இல் பவேரியாவில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற பேராசிரியர் தொடங்கிய அமைப்பு. பத்தாண்டுகளுக்குள் அரசாணைகளால் ஒடுக்கப்பட்டது. சாத்தான் கதையை ஊரெல்லாம் பரப்பிய பிரெஞ்சுக்காரர் லியோ டாக்சில், அத்தனையும் தன் கற்பனையே என்று 1897இல் பாரிஸில் கூட்டம் கூட்டி அறிவித்தார். ரகசியச் சடங்குகளையோ சாமுவேல் பிரிச்சார்ட் 1730இலேயே லண்டனில் அச்சிட்டு விற்றுவிட்டார். லாட்ஜுகள் எனப்படும் மேசன் கிளைகளில் தவறே நடந்ததில்லை என்று நான் சொல்லவில்லை. இத்தாலியில் பி2 என்ற லாட்ஜின் உறுப்பினர் பட்டியல் 1981இல் சிக்கியபோது அமைச்சர்களும் படைத்தலைவர்களும் அதில் இருந்தார்கள். ஆனால் அதைக் கண்டுபிடித்தவர்கள் விசாரணை நீதிபதிகள், காணொளிக்காரர்கள் அல்லர்.

உள்ளே என்ன நடக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். யாரை உள்ளே விடவில்லை என்று ஒருவரும் கேட்பதில்லை. அது ரகசியமே அல்ல. 1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த சட்டநூல், எந்த மதத்தவராயினும் நல்லவராக இருந்தால் போதும் என்று பெருந்தன்மையோடு பேசுகிறது. அதே நூல் அடிமைகளுக்கும் பெண்களுக்கும் இடமில்லை என்று வெளிப்படையாக விதிக்கிறது. பம்பாயில் மானக்ஜி கர்செட்ஜி என்ற பார்சிப் பெரியவரை இங்கிருந்த ஆங்கிலேயச் சகோதரர்கள் ஏற்கவில்லை. அவர் கடல் கடந்து பாரிஸில் ஒரு லாட்ஜில் சேர்ந்து திரும்பினார். 1843இல்தான் ஜேம்ஸ் பர்ன்ஸ் என்ற மருத்துவர் இந்தியர்களையும் சேர்த்துக்கொள்ள 'ரைசிங் ஸ்டார் ஆஃப் வெஸ்டர்ன் இந்தியா' லாட்ஜைத் தொடங்கினார். கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் 1863இல் விண்ணப்பித்தார். பல தெய்வங்களை வணங்கும் இந்து எப்படி உறுதிமொழி எடுப்பார் என்று வாதாடிவிட்டு, 1872இல்தான் அவரைச் சேர்த்தார்கள். அதே மானக்ஜி 1863இல் இந்த ஊரில் பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளி நிறுவினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. தான் போராடி நுழைந்த வாசலுக்குள் தன் மகள்களை அவரால் அழைத்துச் சென்றிருக்க முடியாது.

என் அப்பா பம்பாயின் ஃபோர்ட் பகுதியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். அவருடைய மேலாளர் மாதம் ஒருநாள் மாலை கறுப்பு கோட்டு அணிந்து, தட்டையான தோல்பெட்டியோடு அந்த மண்டபத்துக்குப் போவார். பெட்டியில் மண்டையோடு இருப்பதாக அலுவலகத்தில் பேச்சு. ஒருநாள் அவராகவே அப்பாவிடம் அதைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்தது நீலக் கரையிட்ட, ஆட்டுத்தோலால் ஆன வெள்ளை ஏப்ரன். தானும் சேரலாமா என்று அப்பா உண்மையான ஆசையோடு கேட்டாராம். அந்தச் செலவு உன் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது என்று அவர் அன்பாகவே சொல்லியிருக்கிறார். பெட்டியில் இருந்ததை மறைக்காதவர், வாசல் மூடியிருப்பதையும் மறைக்கவில்லை.

இனி உங்கள் மீதுள்ள கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய காணொளியை முழுவதும் பார்த்தேன். பாதிக்குமேல் மேசன்களை விட்டுவிட்டு யூதர்களிடம் போகிறது. உலகை ஆள யூதர்கள் தீட்டிய சதித்திட்டம் என்று அதில் காட்டப்படும் 'சீயோன் மூத்தோர் நெறிமுறைகள்' போலி என்பதை லண்டன் டைம்ஸ் நாளிதழ் 1921இலேயே நிறுவியது. அந்தப் போலியை நாஜிகள் பிரச்சாரமாக்கியதும், யூதர்களைக் கொன்று குவித்ததும், மேசன்களையும் முகாம்களில் அடைத்ததும் நீங்கள் படித்த வரலாறுதான். படித்த பெண்ணான நீங்கள் இறுதிவரை பார்க்காமலே அதைக் குடும்பத்தாருக்கு அனுப்பியிருந்தால் அது பொறுப்பின்மை. பார்த்துவிட்டு அனுப்பியிருந்தால் அதைவிட மோசம். உங்கள் மகன் இளைஞன், தன் வாழ்க்கையை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற நியாயமான கேள்வி அவனுக்கு இருக்கிறது. அவனைத் திட்டாதீர்கள், அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். குடும்பக் குழுவில் நீங்கள் பகிர்ந்ததை இன்றே நீக்கி, ஏன் நீக்கினீர்கள் என்பதையும் அங்கேயே எழுதுங்கள்.