பாரிசவாதம் வந்த அப்பாவுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் கிளினிக்: அதுவரை என்ன செய்வது?

காத்திருக்க வேண்டாம். நாளைக்கே டயக்னோசிஸ் கார்டுடன் (வீட்டுக்கு அனுப்பும்போது தந்த நோய் விபர அட்டை) அப்பா இருந்த வார்டுக்குப் போய், இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவுக்கு ஒரு கடிதம் கேளுங்கள். அசையாத கை பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் வேகமாகத் தேறும். அந்த நாட்களை வீணாக விடாதீர்கள்.

டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும் அவசரத்தில் இந்தக் கடிதத்தை எழுத மறந்திருக்கலாம். கார்டில் பயிற்சி பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட நாள் பயிற்சி தேவையென்றால், ராகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள்.

அப்புறம், தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா? இருமினால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள், விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம்.

வங்கியில் அப்பாவைச் சக்கர நாற்காலியோடு உள்ளே விடவில்லை என்று நீங்கள் எழுதியிருந்தது மனதை வருத்தியது. பொதுமக்கள் போய்வரும் எந்தக் கட்டடத்திலும் இயலாமையைக் காரணம் காட்டித் தடுக்க முடியாது. இயலாமை உள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், 23ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. வங்கி முகாமையாளருக்கு முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: அவரைத் தூக்கும்போது பலவீனமான கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு விலகிவிடலாம். புதிதாக முகம் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.