மனச்சான்றுக்கு முதல் கிண்ணம்

கேள்வி: கத்தோலிக்கக் கல்லூரிகள் 'லிபரல் கல்வி' தருவதாகச் சொல்கின்றன. போப் சொன்னால் கேட்டே ஆகவேண்டிய மதத்துக்குள் சுதந்திரமான சிந்தனை எங்கிருந்து வரும்? அப்படிப்பட்டவர்கள் ஒரு நாட்டின் குடிமக்களாக எப்படி உண்மையாக இருக்க முடியும்? கல்வி என்ற பெயரில் மதம் பரப்புவதுதானே இது?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியை 150 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார். வில்லியம் கிளாட்ஸ்டன். இங்கிலாந்தின் பிரதமர் பதவியிலிருந்து 1874இல் இறங்கிய கையோடு அவர் ஒரு சிறு நூல் எழுதினார். போப்பின் வழுவா வரத்தை, அதாவது விசுவாசம், ஒழுக்கம் பற்றி அவர் திருச்சபை முழுமைக்கும் முடிவாக அறிவிப்பதில் தவறமாட்டார் என்பதை, 1870இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய முதலாம் வத்திக்கான் சங்கம் கோட்பாடாக அறிவித்திருந்தது. இனி ஒரு கத்தோலிக்கர் தன் அரசுக்கு எப்படி விசுவாசமாக இருப்பார் என்பதுதான் கிளாட்ஸ்டனின் கேள்வி.

பதில் சொன்னவர் ஜான் ஹென்றி நியூமன். ஆங்கிலிக்கன் சபையின், அதாவது இங்கிலாந்து அரசு சார்ந்த திருச்சபையின், குருவாக ஆக்ஸ்ஃபோர்டில் பேரும் புகழும் பெற்று, 1845இல் கத்தோலிக்கத்துக்கு வந்தவர். அதற்காக நண்பர்களை இழந்தவர். கத்தோலிக்கப் பிரபுவான நார்ஃபோக் கோமகனுக்கு எழுதும் கடிதமாக அவருடைய பதில் 1875இல் வெளிவந்தது. வழுவா வரம் என்பது போப் இடும் எல்லாக் கட்டளைகளுக்கும் பொருந்துவதல்ல என்று அதில் விளக்கினார். பிறகு அந்தப் புகழ்பெற்ற வரி: விருந்துக்குப் பின் மதத்தின் பெயரால் வாழ்த்துச் சொல்லிக் கிண்ணம் உயர்த்தத்தான் வேண்டும் என்றால் போப்புக்காகவும் குடிப்பேன், ஆனால் முதலில் மனச்சான்றுக்கு, அப்புறம்தான் போப்புக்கு.

இந்த வரியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம். நியூமனுக்கு மனச்சான்று என்பது 'எனக்குப் பிடித்ததைச் செய்வேன்' என்பதற்கு இன்னொரு பெயர் அல்ல. அது உள்ளே ஒலிக்கும் கடவுளின் குரல். அதற்கு உரிமை இருப்பதே அதற்குக் கடமை இருப்பதால்தான். இப்படி நம்பும் ஒருவர் தவறான சட்டத்துக்குத் தலைவணங்க மாட்டார், தவறான கட்டளைக்கும் தலைவணங்க மாட்டார். அவரைவிட நம்பகமான குடிமகன் ஒரு நாட்டுக்கு எங்கே கிடைப்பான்?

இனி உங்கள் முதல் கேள்வி. லிபரல் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு அரசியல் கட்சி ஞாபகம் வருகிறது. அதன் வேர் லத்தீன். அடிமையாக இல்லாத மனிதனுக்கு உரிய கல்வி என்பதே பழைய பொருள். இதை விளக்கத்தான் 1852 மே மாதம் டப்ளினின் ரொட்டுண்டா மண்டபத்தில் நியூமன் உரையாற்றினார். அப்போது அயர்லாந்தில் டிரினிட்டி கல்லூரி ஆங்கிலிக்கன் சபையின் கையில் இருந்தது. பெல்ஃபாஸ்ட், கார்க், கால்வே ஆகிய மூன்று ஊர்களில் அரசு தொடங்கிய கல்லூரிகளில் இறையியலுக்கு இடமில்லை. 'கடவுள் இல்லாத கல்லூரிகள்' என்று அவற்றை எதிர்த்தார்கள். ஆகவே கத்தோலிக்கருக்கென ஒரு பல்கலைக்கழகம் தொடங்க விரும்பிய பேராயர் பால் கல்லன், நியூமனை அழைத்தார்.

அப்படி அழைக்கப்பட்டவர் என்ன பேசியிருக்க வேண்டும்? நல்ல கத்தோலிக்கர்களை வார்த்துத் தருகிறேன் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அவர் சொன்னது வேறு. லிபரல் கல்வி கிறிஸ்தவனை உருவாக்காது, கத்தோலிக்கனை உருவாக்காது, பண்பட்ட மனிதனைத்தான் உருவாக்கும் என்றார். அறிவுக்கு அறிவே பயன். அதை வேலைக்கான ஏணியாகவோ பக்திக்கான கருவியாகவோ மட்டும் பார்க்காதீர்கள் என்றார். அடுத்த மூச்சிலேயே எதிர்ப்பக்கத்தையும் எச்சரித்தார். மனிதனின் ஆசையையும் செருக்கையும் வெறும் படிப்பைக் கொண்டு அடக்கப் பார்ப்பது, சவரக்கத்தியால் கருங்கல் பாறையை வெட்டுவது போல. பட்டு நூலால் கப்பலைக் கட்டி நிறுத்துவது போல. படித்தவன் புனிதனாகிவிடுவான் என்று அவர் ஒருபோதும் நம்பவில்லை. ஆன்மிகத்துக்கு வேறு உழைப்பு வேண்டும்: ஜெபம், தவம், அருள்.

இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். படிப்பை மதத்துக்குள் கரைத்துவிடவும் இல்லை, மதத்தின் இடத்தில் படிப்பை உட்கார வைக்கவும் இல்லை. இறையியலைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கக்கூடாது என்று அவர் வாதாடியதும் இதே காரணத்தால்தான். ஒரு துறையைக் காலி செய்தால் அந்த இடம் காலியாகவே இருக்காது. பக்கத்துத் துறை எல்லை தாண்டி வந்து குந்திக்கொள்ளும். செல்வம் சேர்ப்பதே ஒழுக்கத்தின் ஊற்று என்று பொருளியல் போதிக்கத் தொடங்கும். இன்று சுற்றிப் பாருங்கள், அது நடந்திருக்கிறதா இல்லையா?

சரி, டப்ளினில் என்ன ஆயிற்று? 1854 நவம்பரில் பல்கலைக்கழகம் திறந்தது. பட்டம் வழங்கும் உரிமையை அரசு தரவில்லை. அதைவிட நியூமனை வருத்தியது உள்ளிருந்து வந்த தடை. நிதி நிர்வாகத்தில் பொதுநிலையினரை, அதாவது குருக்களோ துறவிகளோ அல்லாதவர்களை, சேர்க்க வேண்டும் என்று கேட்டார், ஆயர்கள் இணங்கவில்லை. அவர் பேராசிரியர்களாக நியமித்த சிலருக்கு 'இளம் அயர்லாந்து' என்ற ஐரிஷ் தேசிய இயக்கத்தோடு தொடர்பு இருந்தது. பேராயருக்கு அது பிடிக்கவில்லை. 1858இல் நியூமன் விலகினார். நம்மூரில் கத்தோலிக்கக் கல்லூரி நடத்துகிறவர்கள் இந்தப் பகுதியைத் தங்கள் ஆசிரியர்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். நியூமனை 2019இல் புனிதராகவும், 2025 நவம்பர் 1 அன்று மறைவல்லுநராகவும் (போதனையால் சிறந்த புனிதர்களுக்குத் தரும் பட்டம்) திருச்சபை உயர்த்திவிட்டது. ஆனால் ஆயர்கள் அன்று தர மறுத்ததை, அவர் பெயரைச் சொல்லும் நிறுவனங்கள் இன்று தங்கள் பொதுநிலை ஆசிரியர்களுக்குத் தருகின்றனவா?

மதம் பரப்புவது என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்கு ஒரு காட்சியையே பதிலாகத் தருகிறேன். நியூமன் நியமித்தவர்களில் யூஜின் ஓ'கரி என்று ஒருவர். பட்டம் எதுவும் இல்லாதவர். பழைய ஐரிஷ் கையெழுத்துச் சுவடிகளைத் தானே படித்துத் தேர்ந்தவர். அந்தச் சுவடிகளைப் பற்றி அவர் பாடம் நடத்தத் தொடங்கியபோது, ஐம்பது வயதைத் தாண்டிய ஆங்கிலேயரான நியூமன், தவறாமல் வந்து கேட்போர் வரிசையில் உட்கார்ந்து கேட்டார்.