பொருள் வடிவமைப்பு, உற்பத்தி முறை ஆலோசகராக வேலை பார்ப்பது எப்படி இருக்கும்?

மெக்கானிக்கல் முடித்துவிட்டு டிசைன் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: இந்தத் துறையில் தனியாக ஆலோசகராக வர முடியுமா, அதற்கு எந்த சாஃப்ட்வேர் படிக்க வேண்டும் என்று. கோவையில் பம்பு, கிரைண்டர், மிக்சி செய்யும் கம்பெனிகளுக்கு நான் பார்ப்பது இந்த வேலைதான்.

சாஃப்ட்வேர் எது படித்தாலும் சரி. படம் வரைய கம்பெனிக்காரரிடமே ஆள் இருக்கிறது. செய்யத் தேவையே இல்லாத வேலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்.

ஒரு பம்பு பிராக்கெட் டிராயிங்கில், எம்8 (8 மி.மீ.) போல்ட் போகும் துளைக்கு 9 மி.மீ., எச்7 என்று போட்டிருந்தது. துளை சொன்ன அளவை விட எவ்வளவு பெரிதாகலாம் என்று சொல்லும் குறி அது. அந்த அளவுக்கு எச்7 என்றால் விட்டுக்கொடுப்பதற்கு 0.015 மி.மீ. மட்டும்தான். வெறும் டிரில்லில் அது நிற்காது. துளையைச் சீவித் துல்லியமாக்கும் ரீமர் விட வேண்டும், அளவு சரியா என்று பிளக் கேஜ் போட்டுப் பார்க்க வேண்டும், கொஞ்சம் பெரிதாகிவிட்டால் ஸ்கிராப்பு. போல்ட்டோ அந்தத் துளையில் எங்கும் தொடாமல் போகிறது. பிராக்கெட்டை மையத்தில் பிடித்து நிறுத்துவது ஸ்பிகாட், அதாவது ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் வட்ட விளிம்பு. எச்13 என்று மாற்றினால் 0.22 மி.மீ. வரை போகலாம், டிரில்லோடு வேலை முடிந்தது. ஏதோ பழைய டிராயிங்கிலிருந்து காப்பியாகி வந்திருக்கிறது அந்த எச்7. ரீமர் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனுக்கு இது முன்னமே தெரியும். அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அதனால் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் நான் முதலில் மெஷின் பக்கத்தில் போய் நிற்பேன். "இந்த ஜாப்புல உங்களுக்கு எது தொல்லைங்கண்ணா?" என்று கேட்டால் பாதி வழி அங்கேயே திறந்துவிடும்.

பாகங்களைக் குறைப்பதற்கு ஜெஃப்ரி பூத்ராய்டும் பீட்டர் டியூஹர்ஸ்டும் 1980-களில் அமெரிக்காவில் பரப்பிய முறையைக் கட்டாயம் படியுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். பொருள் ஓடும்போது இது மற்ற பாகங்களிலிருந்து தனியாக அசைகிறதா? இதை வேறு மெட்டீரியலில்தான் செய்தாக வேண்டுமா? இது தனியாக இல்லாவிட்டால் மற்றதைப் பூட்டவோ கழற்றவோ முடியாமல் போகுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் அதைப் பக்கத்துப் பாகத்தோடு சேர்த்துவிடலாம். ஸ்கிரூக்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தேறாது.

ஆனால் இதை அப்படியே கொண்டுபோய் இறக்கக் கூடாது என்பது என் கருத்து. மிக்சியின் அடிமூடியை ஸ்கிரூ இல்லாமல் கிளிப்பில் மாட்டலாம், அசெம்பிளி சீக்கிரம் முடியும். நம் ஊரில் மிக்சி ரிப்பேர் கடைக்குத் திரும்பத் திரும்பப் போகும் பொருள். கடைக்காரர் ஸ்கிரூ டிரைவரால் நெம்பும்போது கிளிப் ஒடிந்தால் மூடி போச்சு. அதனால் அந்த இடத்தில் ஸ்கிரூவை விட்டுவைக்கத்தான் சொல்வேன். இரண்டு பாகத்தை ஒன்றாக்கும்போது மோல்டில் (வார்க்கும் அச்சில்) பக்கவாட்டில் நகரும் ஸ்லைடர் வைக்க வேண்டி வரும் என்பதும் கணக்கில் வர வேண்டும். குறைந்த எண்ணிக்கையில் ஓடும் பொருளுக்கு அந்த மோல்டு செலவு கட்டுப்படியாகாது.

உற்பத்தி முறைப் பக்கம் ஷிகியோ ஷிங்கோவின் வாழ்க்கையைப் பாருங்கள். அவரும் ஆலோசகர்தான். 1950-ல் ஹிரோஷிமாவில் மஸ்தா மூன்று சக்கர வண்டி செய்த டோயோ கோக்யோ ஆலையில், பிரஸ்ஸில் வேலை தேங்குவது அதன் வேகத்தால் அல்ல, டை (தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு) மாற்றும் நேரத்தால் என்று நின்று பார்த்துக் கண்டுபிடித்தார். டையைப் பொருத்தும் போல்ட் ஒன்றைக் காணோம் என்று ஆள் தேடிக்கொண்டிருக்க, பிரஸ் சும்மா நின்றிருக்கிறது. மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை வேறு, ஓடும்போதே எடுத்து வைக்கக்கூடிய வேலை வேறு என்று அங்கே பிரித்தார். 1969-ல் டொயோட்டாவின் 1000 டன் பிரஸ்ஸில் 4 மணி நேரம் பிடித்த டை மாற்றம் கடைசியில் 3 நிமிடத்துக்கு வந்தது. இங்கே இஞ்செக்‌ஷன் மோல்டிங் கடைகளில் நான் செய்வதும் இதுதான். அடுத்த மோல்டு, கிளாம்ப், தண்ணீர் ஹோஸ் எல்லாம் பழைய மோல்டு ஓடும்போதே மெஷினருகே வந்திருக்க வேண்டும். இதற்குப் புது மெஷின் வேண்டாம், ஒரு டிராலி போதும்.

தம்பிக்கு: டிசைன் ஆபீஸிலிருந்து நேராக ஆலோசகராக வராதீர்கள். நடுவில் ஒரு டூல் ரூமிலோ ஃபவுண்டரியிலோ சில வருஷம் இருங்கள். சம்பளம் இறங்கும், வீட்டில் சத்தம் போடுவார்கள், ஆனாலும் போங்கள். பிளாஸ்டிக் பக்கம் போக ஆசை என்றால் சென்னை கிண்டியில் சிப்பெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் மோல்டு டிசைன் படிக்கலாம். கட்டணத்தை நாள் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள். மிச்சப்படுத்தியதில் பங்கு என்று பேசினால், மிச்சம் எவ்வளவு என்பதிலேயே கணக்குப் பிள்ளையோடு வழக்கு வரும்.