முதல் மொழி எது? நிரல் கற்போர் கேள்விகளுக்குப் பதில்கள்

பி.காம். முடித்திருக்கிறேன். பைத்தான், ஜாவா, சி இவற்றில் எதை முதலில் கற்கலாம்?

பைத்தான். எடுத்தபின் ஆறு மாதம் வேறு மொழியின் பக்கம் திரும்பாதீர்கள். எந்த நிரலையும் நகலெடுத்து ஒட்டாமல் உங்கள் கையாலேயே தட்டச்சு செய்யுங்கள். விண்டோஸில் நிறுவும்போது முதல் திரையில், அடியில், 'பாத்'தில் (நிரல்களை விண்டோஸ் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் செய்யாமல் தவித்து எழுதுபவர்கள் மாதம் பத்துப் பேராவது இருக்கிறார்கள்.

நிரல் ஓடவில்லை. படம் அனுப்பியிருக்கிறேன். என்ன பிழை?

திரையை அலைபேசியில் படமெடுத்து, காரணம் எழுதியிருக்கும் கடைசி வரியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியை அனுப்பியிருக்கிறீர்கள். பைத்தானின் பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும் என்று எத்தனை முறை எழுதுவது? தெரிகிற பகுதியில், வயதை 'இன்புட்' மூலம் வாங்கி அதோடு 1 கூட்டியிருக்கிறீர்கள். இன்புட் தருவது எழுத்துச் சரம். 'இன்ட்' போட்டு எண்ணாக மாற்றுங்கள்.

எந்த மொழிக்குச் சம்பளம் அதிகம்?

ஒரு நிரல்கூட இன்னும் எழுதவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். வீட்டு மின்கட்டணத்தைக் கணக்கிடும் நிரலை முதலில் எழுதுங்கள். 100 யூனிட் வரை இலவசம், அதற்கு மேல் படிப்படியாக வேறு வேறு கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சரியாக ஓடட்டும், சம்பளத்தைப் பிறகு பேசுவோம்.

அண்ணன் வைத்திருந்த பைத்தான் புத்தகத்தில் 'பிரிண்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறியே இல்லை. எனக்குப் பிழை வருகிறது.

அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது. வேறு புத்தகம் வாங்குங்கள்.

கல்லூரி ஆய்வகத்தில் டர்போ சி++. வீட்டில் ஜிசிசி. 8-இன் ஃபேக்டோரியல் (1 முதல் 8 வரை பெருக்கினால் வருவது) வீட்டில் 40320 வருகிறது, ஆய்வகத்தில் -25216. எதை நம்புவது? சி மொழியே வேண்டாமா?

வீட்டு விடைதான் சரி. டர்போ, ஜிசிசி இரண்டும் சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவிகள். டர்போவில் முழு எண்ணை வைக்கும் 'இன்ட்' வகைக்கு 16 பிட் இடம்தான். அதில் 32767-க்கு மேல் அடங்காது. 40320-இலிருந்து 65536-ஐக் கழித்துப் பாருங்கள், ஆய்வக விடை கிடைக்கும். வீட்டிலும் 13 கொடுத்துப் பாருங்கள். அங்கே 32 பிட்டும் நிரம்பி, தவறான எண் வரும். நினைவகத்தின் அளவை இப்படிக் கண்ணெதிரே காட்டுவது சி-யின் பெருமை. 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய மொழி அது. அதன்மேல் குறை இல்லை.

குறை கருவியில் இருக்கிறது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மென்பொருளை, இன்றைய 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடவே ஓடாத ஒன்றை, பழைய டாஸைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸுக்குள் வைத்து இன்னும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒருமுறை வேலைத் தேர்வு ஒன்றில் நான் அமர்ந்திருந்தேன். ஒரு பெண் தாளில் எழுதிய தர்க்கம் அப்பழுக்கில்லாதது. அங்கே இருந்தது ஜிசிசி. கணினியில் அடித்ததும், டர்போவோடு வரும் 'கோனியோ' கோப்பு இல்லை என்று முதல் வரியிலேயே பிழை. திரையைத் துடைக்கும் கட்டளையும் இல்லை. தனக்குச் சி-யே தெரியாது என்று நினைத்து, விரல்கள் நடுங்க அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாண்டு படித்தவள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஜிசிசி-க்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. பேராசிரியர்களே, தயவுசெய்து மாற்றுங்கள்.

நீங்கள் ரெக்கார்டு நோட்டில் ஆய்வகம் கேட்டபடி எழுதுங்கள். வீட்டில் ஜிசிசி-யை விடாதீர்கள்.

ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஒன்றுதானே?

இல்லை. இரண்டும் 1995-இல் வெளிவந்தவை. பெயரைத் தவிர உறவு மிகக் குறைவு. இணையப் பக்கங்கள் செய்ய ஆசை என்றால் ஜாவாஸ்கிரிப்டையே முதல் மொழியாக எடுக்கலாம், உலாவி ஒன்று இருந்தால் போதும். ஆனால் அங்கும் ஆறு மாதக் கணக்கு உண்டு.

என் பையனுக்குப் பத்து வயது. ஆங்கிலம் தடுமாறுகிறது. தமிழிலேயே நிரல் எழுத முடியுமா?

முடியும். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' இருக்கிறது. 'பதிப்பி' என்றால் திரையில் காட்டும். நிபந்தனைக்கு 'ஆனால்', 'இல்லை' என்றே எழுதலாம். வேலைவாய்ப்புக்கான மொழி அன்று. ஆனால் நிபந்தனையும் சுழற்சியும் தாய்மொழியில் மனத்தில் பதிந்துவிட்டால், பிறகு பைத்தானுக்குப் போகும்போது சொற்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். அவன் மெதுவாக எழுத்துக்கூட்டி அடிக்கும்போது விசைப்பலகையை வாங்கி நீங்கள் அடித்துக் கொடுக்காதீர்கள்.